முதியவர்களின் வாழ்க்கைப் பாடங்களைக் கேட்டுப் பதிவு செய்வது எப்படி? குமரி மாவட்ட வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எண்பது வயது தாண்டிய ஒருவர் முன்னால் உட்கார்ந்து, "பாட்டா, வாழ்க்கையில நீங்க கத்துக்கிட்ட பாடம் என்ன?" என்று கேட்டால், "நேர்மையா இருக்கணும், கடன் வாங்கப்பிடாது, ஒத்துமையா இருக்கணும்" என்று மூன்று வரியில் பதில் முடிந்துவிடும். அவர் சொன்னது அத்தனையும் உண்மைதான். ஆனாலும் அதை வைத்துக்கொண்டு நாளை காலையில் நீங்கள் ஒரு முடிவும் எடுக்க முடியாது. அவரிடமே, "நீங்க வட்டிக்கு வாங்கின முதல் கடன் எதுக்கு? எத்தனை வருஷத்துல அடைச்சீங்க? அடைக்க எதை வித்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவார். பாடம் அந்தப் பேச்சுக்குள் இருக்கும்.

நாஞ்சில் நாட்டு வயல்வெளியானாலும், விளவங்கோட்டு ரப்பர் விளை (தோட்டம்) ஆனாலும், கடலோரத் துறையானாலும், ஒரு பெரியவரின் அறிவு அவர் செய்த வேலையிலும், எடுத்த முடிவுகளிலும், பட்ட நஷ்டத்திலும்தான் கிடக்கிறது. அதை வெளியே கொண்டுவரும் முறையை இங்கே படிப்படியாகத் தருகிறோம்.

யாரிடம், எப்போது

வீட்டில் பெரியவர்கள் பலர் இருந்தால் வயதில் மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள். நன்றாகப் பேசுபவரை முதலில் பிடிக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அவர் அடுத்த மாதமும் நன்றாகவே பேசுவார். ஒரு வார்த்தை பேச யோசிக்கிற, யாரும் எதுவும் கேட்காத பாட்டிதான் அவசரம். குறிப்பாக, "எனக்கு என்னத்த தெரியும், அவரைக் கேளு" என்று கணவரைக் கைகாட்டும் பாட்டிகளை விட்டுவிடாதீர்கள். நெல் எத்தனை நாளைக்கு வரும், எந்தப் பிள்ளைக்கு எந்த வருஷம் என்ன சீக்கு, யாருக்கு எவ்வளவு கைமாற்று என்ற கணக்கெல்லாம் பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் இருந்தது.

காலை பத்து மணியிலிருந்து பதினொன்றரைக்குள் நல்ல நேரம். காலை மருந்தும் பலகாரமும் முடிந்து, கட்டன் சாயாவும் (பால் சேர்க்காத தேநீர்) குடித்திருப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் செருகும். இருட்டிய பிறகு மனம் கனக்கும், பேச்சு இறந்தவர்கள் பக்கமே போகும். ஒரு அமர்வு நாற்பது நிமிடம் போதும், ஒருபோதும் ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவரானால் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போக விடாதீர்கள். ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, வாரம் ஒரு முறையாக ஐந்து வாரம் உட்காருவது பல மடங்கு பலன் தரும். முதல் அமர்வில் கிளறிவிட்டது அடுத்த வாரத்துக்குள் தானாக மேலே வந்துவிடும்.

இன்னும் வேலை செய்கிறவர்களானால் அவர்களுடைய பருவம் பார்த்துப் போக வேண்டும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கடலும் கொந்தளிக்கும் காலம் அது. துறையில் ஆட்கள் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ரப்பர் வெட்டுகிறவர்களுக்கு விடியற்காலை வேலை, பிற்பகல்தான் ஓய்வு. இலை உதிரும் காலத்தில் பால் குறைவதால் பல விளைகளில் வெட்டை நிறுத்திவைப்பார்கள். அந்த வாரங்கள் தோது.

இடமும் கருவியும்

தனியாக எதுவும் வாங்க வேண்டாம், கையில் இருக்கிற ஃபோன் போதும். ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் வரும் அழைப்பு பதிவை நிறுத்திவிடும். அவர் வாயிலிருந்து ஒரு முழ தூரத்தில், மைக் இருக்கும் அடிப்பக்கம் அவரைப் பார்த்தபடி வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் தம்ளரை நகர்த்தும் சத்தம்கூட இடி மாதிரி பதிவாகும். ஒரு தோர்த்தை (துண்டை) நாலாக மடித்து அதன்மேல் வையுங்கள். சட்டையில் குத்தும் சிறிய மைக் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் சேலை மடிப்பில் உரசாமல் பார்க்க வேண்டும்.

பதிவைக் கெடுப்பதில் முதல் இடம் தலைக்கு மேலே சுற்றும் ஃபேனுக்கு. அதை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். கடலோர வீடுகளில் திண்ணை கூடாது. காற்று மைக்கில் அடித்தால் ஒரு சொல்லும் கேட்காது. தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை பெய்தால் அன்றைக்குப் பதிவை விட்டுவிடுங்கள். கோயில் கொடை, கிறிஸ்தவக் கோவில் திருவிழா நாட்களில் ஒலிபெருக்கி ஓயாது என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

வேவ் (WAV) வடிவத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒற்றைத் தடத்தில் சுமார் 300 எம்பி, இரட்டைத் தடத்தில் சுமார் 600 எம்பி ஆகும். எம்4ஏ (M4A) வடிவத்தில் 60 எம்பிக்குள் முடியும். பேச்சுக்கு எம்4ஏ தாராளம். பாட்டு, ஒப்பாரி, வில்லுப்பாட்டு வரிகள் வந்தால் வேவ் நல்லது. தொடங்கும் முன் அரை நிமிடம் பதிந்து, காதில் ஹெட்செட் மாட்டிக் கேட்டுவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டுத்தான் பல பதிவுகள் வீணாகின்றன.

காது மந்தமானவரிடம் கத்த வேண்டாம். வயதில் முதலில் குறைவது உச்ச ஒலியைக் கேட்கும் திறன். கத்தும்போது குரல் உச்சத்துக்குப் போவதால் இன்னும் புரியாது. அவர் முகத்துக்கு நேராக, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பேசுங்கள். எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று கேட்டு அந்தப் பக்கம் உட்காருங்கள்.

முதலில் சம்மதம்

பதிவை அழுத்தியதும் இதை முதலில் சொல்லுங்கள்: இன்று என்ன தேதி, எந்த ஊர், யார் பேசுகிறார், யார் கேட்கிறார், இதை யார் யார் கேட்கலாம். "பாட்டி, இது நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் போதுமா, வெளியாட்களும் கேட்கலாமா?" என்று கேட்டு, பதிலை அவர் வாயால் பதியுங்கள். "மக்களே, அதை அணைச்சிடு" என்று சொன்னால் அந்த நொடியே அணைத்துவிட வேண்டும். அணைத்த பிறகு சொன்னதை நினைவிலிருந்து எழுதி வைப்பதும் தவறுதான்.

சொத்துப் பாகப்பிரிவினை, பழைய காதல், சாதியும் மதமும் சேர்ந்த சண்டை இவை எல்லா வீட்டிலும் உண்டு. 1982-ல் மண்டைக்காட்டில் நடந்த கலவரம் போன்றவற்றைப் பற்றி ஒருவர் மனம் திறந்தால் கேளுங்கள், பதியுங்கள், ஆனால் தனிக் கோப்பாக வையுங்கள். அதில் வரும் பெயர்களுக்கு உரியவர்களின் பிள்ளைகள் இன்றும் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் துண்டு துண்டாக வெட்டிப் போடும் பழக்கம் இந்த விஷயத்தில் பெரும் தீங்கு செய்யும்.

எங்கிருந்து தொடங்குவது

நினைவு எல்லா வயதுக்கும் ஒரே அடர்த்தியில் இருக்காது. பொதுவாக முதியவர்களுக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவைதான் மற்றக் காலங்களைவிடத் தெளிவாக நிற்கும். 1945-ல் பிறந்தவருக்கு அது 1955 முதல் 1975 வரை. அங்கிருந்து தொடங்குங்கள். "பிறந்தது எங்கே" என்று தொடங்கி வரிசையாக வந்தால், மணமான வருஷத்துக்கு வருவதற்குள் களைத்துவிடுவார்.

அந்த வயதைத் திறக்க ஊரறிந்த நிகழ்வுகளை ஆணியாக வைத்துக்கொள்ளலாம். குமரி மாவட்டத்துக்குப் பயன்படும் சில:

1942-க்குப் பிறகு பர்மா அரிசி வரத்து நின்ற பஞ்சகாலம், மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கைத் தின்று பிழைத்த காலம் (இன்று தொண்ணூறை ஒட்டியவர்களுக்கு). 1954 ஆகஸ்ட் 11, தமிழகத்தோடு இணையக் கேட்ட போராட்டத்தில் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு. 1956 நவம்பர் 1, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த நாள். 1960-களில் மாத்தூர் தொட்டிப்பாலம் கட்டியது. 1969, நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் காமராஜர் நின்று ஜெயித்தது. 1970, விவேகானந்தர் பாறை மண்டபம். 1979, திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது. 2004 டிசம்பர் 26, சுனாமி. 2017 நவம்பர் கடைசி, ஒக்கி புயல்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆனப்ப நாகர்கோவிலுக்கு ரயில் வந்துட்டுதா?" என்று கேட்டால் வருஷம் தானாக விழும். "எந்த வருஷம்?" என்று நேரே கேட்டால் தப்பான எண்தான் வரும்.

சுனாமியும் ஒக்கியும் தனி. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி, தூத்தூர் போன்ற ஊர்களில் அவற்றில் பிள்ளையையோ கணவனையோ இழந்தவர்கள் இருக்கிறார்கள். நீங்களாக அந்தப் பேச்சைத் தொடங்கக் கூடாது. அவர்கள் தொடங்கினால் குறுக்கே பேசாமல் இருங்கள். அன்றைக்கு வேறு கேள்வி எதுவும் வேண்டாம். கிளம்பும்போது வீட்டில் வேறு ஆள் துணைக்கு இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி கேட்கும் முறை

பாடம் இருக்கும் இடங்கள் ஐந்தாறுதான்: பணம், நிலம், வேலை, சண்டை, நோய், கல்யாணம். ஒவ்வொன்றிலும் ஒரு முடிவெடுத்த தருணத்தைத் தேட வேண்டும்.

பணத்துக்கு: "முதல் கூலி எவ்வளவு? யாரு கையில கொடுத்தீங்க? அதுல உங்களுக்குன்னு எவ்வளவு வச்சீங்க?" நிலத்துக்கு: "இந்த விளையை வாங்கினப்ப ஒரு சென்ட் என்ன விலை? வித்தவங்க ஏன் வித்தாங்க? நீங்க வித்தது எதை, வித்தது சரிதானா?" சண்டைக்கு: "யாருகிட்ட ரொம்ப வருஷம் பேசாம இருந்தீங்க? முதல்ல யாரு பேசினது? என்ன சொல்லிப் பேசினாங்க?" இந்தக் கடைசிக் கேள்வி மற்ற எல்லாவற்றையும்விட மதிப்பு வாய்ந்தது. அறுந்துபோன உறவை எந்தச் சொல்லால், எந்த வீட்டுத் துக்கத்தில், யார் முன்னால் ஒட்டவைத்தார்கள் என்பது வேறு எங்கும் எழுதப்பட்டிருக்காது.

ஒரு கதை முடிந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் நாலு துணைக் கேள்விகள் கேளுங்கள். அப்போது கையில் எவ்வளவு இருந்தது? வேறு வழி எதுவும் இருந்ததா? யார் வேண்டாம் என்றார்கள்? இன்று அதே நிலை வந்தால் அதையேதான் செய்வீர்களா? நான்காவது கேள்விக்கு "செய்ய மாட்டேன்" என்று பதில் வந்தால் பேசாமல் காத்திருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெரியவர் அந்த இடைவெளியில்தான் தன் தவறைப் பார்க்கிறார், அடுத்து வரும் வாக்கியம் அமர்வின் சாரமாக இருக்கும். இளையவர்கள் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல், "சரி பாட்டா, அடுத்து..." என்று கெடுத்துவிடுகிறார்கள்.

பேசும்போது "ஆமா ஆமா", "உம்" என்று சத்தம் கொடுக்காமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். அவர் சொல்லும் வருஷமோ பெயரோ தவறென்று தெரிந்தாலும் அங்கேயே திருத்த வேண்டாம், குறித்துவைத்துப் பிறகு பாருங்கள். மகனோ மருமகளோ பக்கத்தில் உட்கார்ந்து "அது அப்படி இல்லப்பா" என்று இடைமறித்தால் பேச்சு செத்துவிடும். அவர்களுக்குத் தனி அமர்வு வைத்துவிடுங்கள்.

வெறும் வாயால் கேட்பதைவிடக் கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் நினைவு நன்றாகத் திறக்கும். பழைய மரக்கால், பனையேறும் பெரியவரின் பாளை அரிவாள், கல்யாண போட்டோ, கிடுகு முடைந்த ஓலை எதுவானாலும் சரி. மறதி நோய் தொடங்கியவர்களிடம் இது நல்ல வழி. அவர்களோடு பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். "ஞாபகம் இருக்கா?" என்று சோதிக்காமல், "இது என்ன மரத்துல செஞ்சது?" என்று கேளுங்கள். அவர்கள் ஒரே கதையை மூன்று முறை சொன்னால் மூன்றையும் பதியுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு புதிய துண்டு ஒட்டிக்கொண்டு வரும்.

கைவேலையை அளந்து எழுதுதல்

பெரும்பாலான பதிவுகள் சறுக்கும் இடம் இது. பாட்டி "கொஞ்சம் புளி, ஒரு கை தேங்காய், பதம் வந்ததும் இறக்கு" என்பார். இதை அப்படியே எழுதிவைத்தால் இருபது வருஷம் கழித்து யாராலும் அந்தப் புளிமுளத்தை (புளி சேர்த்த மீன் குழம்பை) வைக்க முடியாது.

செய்ய வேண்டியது இது. அவர் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். பாத்திரத்தில் போடும் முன் அதைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். மூன்று வேறு நாட்களில் நிறுத்து, மூன்றையும் எழுதி, சராசரியைப் போடுங்கள். அவர் "கொஞ்சம்" 12 கிராமாக இருக்கலாம், 20 கிராமாக இருக்கலாம், ஆனால் நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. அவர் கை அத்தனை துல்லியம். பழைய உழக்கும் நாழியும் மரக்காலும் வீட்டில் இருந்தால், தண்ணீர் நிரப்பி நிறுத்து எத்தனை லிட்டர் என்று குறியுங்கள். பிறகு நெல்லோ அரிசியோ போட்டு, தலை தட்டி ஒரு முறை, கூம்பாக ஒரு முறை நிறுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. கூலி நெல் அளந்தபோது அந்த வித்தியாசத்துக்காகவே சண்டை வந்திருக்கும், கேட்டால் சொல்வார்கள்.

பதத்தை எழுதக் கண், காது, மூக்கு, விரல் என நான்கையும் கேளுங்கள். கருப்பட்டி காய்ச்சுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கானி (பதநீர்) புளிக்காமல் இருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள். குறைந்தால் புளித்துக் கள்ளாகும், கூடினால் கருப்பட்டியில் சுண்ணாம்பு ருசி ஏறும். ஆகவே எவ்வளவு, எங்கே, எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று பார்க்க வேண்டும். காய்ச்சும்போது நுரை எப்படி மாறுகிறது, கொதியின் சத்தம் எப்போது தடிக்கிறது, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரைகிறதா உருளுகிறதா, எந்த நிலையில் சிரட்டையில் ஊற்றுகிறார்கள், இவை ஒவ்வொன்றுக்கும் தீ மூட்டியதிலிருந்து எத்தனையாவது நிமிடம் என்று குறியுங்கள். இந்த வேலைகளுக்கு வீடியோ எடுங்கள். முகத்தைவிடக் கையும் பாத்திரமும் சட்டகத்துக்குள் இருப்பது முக்கியம்.

கடல்காரர்களிடம் காற்றின் பெயரைக் கேட்டால் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று வரும். பெயரை மட்டும் எழுதினால் போதாது. கையை நீட்டிக் காட்டச் சொல்லி, ஃபோனிலுள்ள காம்பஸில் டிகிரியைக் குறியுங்கள், ஏனென்றால் கன்னியாகுமரி முனைக்கு இரண்டு பக்கமும் கரை திரும்பும் கோணமே வேறு. எந்த மாதம், எந்த மீனுக்கு நல்லது, எந்த மேகத்தைக் கண்டால் கரை திரும்ப வேண்டும் என்று சேர்த்துக் கேளுங்கள். கரையிலுள்ள மலை முகட்டையும் கோபுரத்தையும் ஒன்றோடொன்று நேராக வைத்து, கடலுக்கடியில் இருக்கும் பாரை (பாறைத் திட்டை) கண்டுபிடிக்கும் முறை பழைய கட்டுமரக்காரர்களுக்குத் தெரியும். எந்த மலை, எந்தக் கோபுரம் என்று கேட்டு, கரையில் நின்று படம் எடுத்து வையுங்கள். ஜிபிஎஸ் வந்த பிறகு இதை அடுத்த தலைமுறை கற்கவே இல்லை.

பழமொழி சொன்னால்

"தென்னைக்குத் தேரோட, வாழைக்கு வண்டியோட, நெல்லுக்கு நண்டோட" என்று பெரியவர் சொன்னால் எழுதி முடித்துவிட்டு நகராதீர்கள். விளைக்குள் கூட்டிப் போய் இரண்டு தென்னைக்கு நடுவே டேப் பிடியுங்கள். வேளாண் துறை சொல்வது சுமார் 25 அடி. அவர் நட்டது 20 அடியாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நிலம் குறைவா, பாகம் பிரிந்ததா, ஊடுபயிர் வேண்டாம் என்ற முடிவா? நெருக்கி நட்டதால் மரம் வெளிச்சம் தேடி வளைந்ததா, காய்ப்பு குறைந்ததா? பழமொழி எல்லோருக்கும் பொது, அந்த 20 அடிக்கான காரணம் அவருக்கு மட்டுமே சொந்தம்.

ஊருக்குப் பொருந்தாத பழமொழிகளும் உண்டு. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது தமிழகத்தின் பல பகுதிகளுக்குச் சரி. இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைப்பதால் நெல்லுக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ (போகம்). பெயர் அறுவடை மாதத்தை ஒட்டியது, கன்னி என்றால் புரட்டாசி, கும்பம் என்றால் மாசி. கன்னிப்பூவுக்குச் சித்திரை, வைகாசியிலேயே விதைத்துவிட வேண்டும். ஆடி வரை காத்திருந்தால் பூ தவறிவிடும். ஆகவே ஒரு பெரியவர் ஆடிப்பட்டம் என்று சொன்னால், "நம்ம ஏலாவுல (வயல்வெளியில) ஆடியில எதை விதைச்சீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள்.

ஏன் என்று கேட்க மறக்க வேண்டாம்

"மரச்சீனி அவிச்ச வெள்ளத்தைக் கொட்டிடு, மூடி போடாதே" என்பது மேற்குப் பக்க வீடுகளில் எல்லாப் பாட்டிகளும் சொல்வது. மரச்சீனியில் இயற்கையாகவே சயனைடு சேர்மம் உண்டு, கசப்பு ரகங்களில் அதிகம். தோலுரித்து, சிறு துண்டாக வெட்டி, மூழ்கும் அளவுக்கு நிறையத் தண்ணீரில் திறந்து அவித்தால் நஞ்சில் ஒரு பகுதி ஆவியில் போகும், ஒரு பகுதி தண்ணீரில் இறங்கும். அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும். காரணம் தெரிந்தவர் குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி அவித்து, அந்தத் தண்ணீரோடு சாப்பிட மாட்டார். காரணம் தெரியாமல் வழக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டவர் அவசரத்தில் அதைக் கைவிட்டுவிடுவார்.

மருந்து விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பதிவு செய்யுங்கள், ஆனால் எழுதும்போது "பாட்டி சொன்ன முறை, சோதித்ததல்ல" என்று மேலே குறிப்பிடுங்கள். பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் இன்று கூடாது. ஒரு வயதுக்குள் தேனால் பொட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோய் வரக்கூடும். பாம்புக் கடிக்கு இறுக்கிக் கட்டுவது, கீறிவிடுவது, பச்சிலை அரைத்துப் பூசிக் காத்திருப்பது எல்லாமே உயிருக்கு ஆபத்து. கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். பெரியவர்களை மதிப்பதும் அவர்கள் சொன்ன ஒரு முறையைக் கைவிடுவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. அவர்களிடமே கேட்டால், அந்த முறையால் பிழைக்காதவர்கள் பெயரையும் சொல்வார்கள்.

தேதியையும் தொகையையும் சரிபார்த்தல்

இந்த மாவட்டத்துப் பெரியவர்களின் ஜாதகமும் பழைய பத்திரங்களும் கொல்லம் ஆண்டில் (மலையாள ஆண்டில்) இருக்கும். ஆவணி 1-ல் புது ஆண்டு. ஆவணி முதல் மார்கழி நடு வரை உள்ள தேதிக்கு 824 கூட்டுங்கள், மார்கழி நடுவிலிருந்து ஆடி முடியும் வரை 825 கூட்டுங்கள். கொல்லம் 1120 ஐப்பசி என்றால் 1944, அதே 1120 மாசி என்றால் 1945. "தொண்ணூத்தொன்பது வெள்ளம்" என்று யாராவது தன் தாத்தா சொன்னதாகச் சொன்னால், அது கொல்லம் 1099, அதாவது 1924-ல் திருவிதாங்கூரை மூழ்கடித்த வெள்ளம்.

ஆதாரில் உள்ள பிறந்த தேதியை நம்ப வேண்டாம். பள்ளியில் சேர்க்கும்போது குத்துமதிப்பாகப் போட்ட தேதி அப்படியே தொடர்ந்திருக்கும். கிறிஸ்தவக் குடும்பமானால் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடு, இல்லையென்றால் ஜாதகம் நல்ல சான்று. 1956-க்கு முந்தைய பத்திரங்கள் பல மலையாள எழுத்தில் இருக்கும். எண்பத்தைந்து தாண்டிய பலருக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும். அவரையே உரக்கப் படிக்கச் சொல்லிப் பதிந்தால் இரண்டு வேலை ஒன்றாக முடியும்.

பணமும் அப்படித்தான். திருவிதாங்கூர் கணக்கில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு ரூபாய். பிறகு 16 அணாவுக்கு ஒரு ரூபாய், 1957 ஏப்ரலில் இருந்து 100 புதுக் காசு. "எனக்குக் கூலி ஒரு பணம்" என்று கேட்டதும் அதை இன்றைய ரூபாய்க்கு மாற்ற முயலாதீர்கள். அன்றைக்கு அந்தப் பணத்துக்கு எத்தனை நாழி அரிசி வாங்கினார், எத்தனை மீன் வாங்கினார் என்று கேளுங்கள். அந்த அளவு எந்தக் காலத்திலும் புரியும்.

எழுத்தாக்குதல்

ஒரு மணி நேரப் பேச்சை எழுத நாலு மணி நேரமாவது பிடிக்கும், மேற்குப் பக்கப் பேச்சானால் இன்னும் கூடும். ஃபோனின் குரல்வழித் தட்டச்சை நம்பினால் "லே", "மக்களே", "இஞ்ச" எல்லாம் காணாமல் போகும், அல்லது வேறு சொல்லாகும். கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். வெள்ளம் என்றால் வெள்ளம், அதைத் தண்ணீர் என்று மாற்றாதீர்கள். சக்கை பலாப்பழமாக வேண்டாம், நல்லமிளகு மிளகாக வேண்டாம், மைனி அண்ணியாக வேண்டாம். வெளியூர் வாசகருக்குப் புரியாத சொல்லுக்குப் பக்க ஓரத்தில் பொருள் எழுதினால் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேட எளிது.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தாள். அதில் அவர் சொன்ன வாக்கியம் அவர் சொல்லிலேயே, எந்த நிகழ்வில் கற்றார், அப்போது வயது என்ன, காரணம் என்ன, எங்கே அது பலிக்காமல் போனது. கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் நீங்கள் இன்னும் போதுமான அளவு கேட்கவில்லை, மறுபடி போங்கள்.

கோப்புப் பெயர் ஆண்டு-மாதம்-நாள், ஆள், ஊர் என்ற வரிசையில் இருக்கட்டும். மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவியில், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில். பென்டிரைவை மட்டும் நம்ப வேண்டாம், கடற்காற்று வீடுகளில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும்.

திருப்பிக் கொடுத்தல்

எழுதியதைப் பெரிய எழுத்தில், 18 புள்ளிக்குக் குறையாமல் அச்செடுத்து அவரிடமே கொண்டுபோங்கள். கண் மங்கலானால் நீங்கள் படித்துக் காட்டுங்கள். பெரும்பாலானவர்கள் இரண்டு இடத்திலாவது நிறுத்தி, "நான் அப்படிச் சொல்லல" என்பார்கள். ஒலிப்பதிவில் அப்படித்தான் இருக்கும், இருந்தாலும் வாதாட வேண்டாம். முதலில் சொன்னதை அழிக்காமல், திருத்தத்தை வேறு நிற மையில் தேதியோடு பக்கத்தில் எழுதுங்கள். எதையாவது எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள். பிறகு அந்தத் தாளின் கடைசியில் அவர் கையெழுத்தையோ, கையெழுத்து வராதவரானால் அவர் சொல்லும் ஒரு அடையாளத்தையோ வாங்கி, ஒரு பிரதியை அவர் கட்டில் பக்கத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை போகும்போது அதன் ஓரங்களில் பேரப்பிள்ளைகள் யாராவது புதிய கேள்விகளை எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அடுத்த அமர்வை அங்கிருந்து தொடங்கலாம்.